மறுதகடு

பெரியவளே, சின்னவனே, இதை உங்கள் இரண்டு பேருக்கும் எழுதுகிறேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உங்கள் அம்மா சாப்பிடக் கூப்பிடுவாள், நானும் அதுதான் சாக்கு என்று எழுந்து போய்விடுவேன். தாளில் எழுதினால் எழுந்து போக வழியில்லை.

போன வாரம் சின்னவன் இங்கிலீஷ் வீட்டுப்பாடத்தோடு என்னிடம் வந்தான். 'ரீ' என்று தொடங்கும் சொற்கள் பத்து எழுத வேண்டும். நான் பத்தாவது வரை படித்தவன். ஆனாலும் முப்பது வருசமாகத் துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் சீல் பார்க்கிற வேலை. இந்தப் பத்தும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று உட்கார்ந்தேன். ரீசெக், ரீசீல், ரீஸ்கேன், ரீபேக் என்று நான்கு சொன்னேன். ஐந்தாவதாக ரீவெய் என்றேன், மறு எடை. அதோடு நின்றுவிட்டது. "மீதி அஞ்சு எங்கப்பா?" என்று நீ கேட்டாய், சின்னவனே. உன் நோட்டு அட்டையில் லேபிள் ஒட்டித் தந்துவிட்டு வெளியே போய்விட்டேன். பெரியவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். அவள் பார்த்ததில் தப்பில்லை.

முதலில் பாடத்தை முடித்துவிடுகிறேன், மார்க்கு குறையக் கூடாது. இரண்டு நாள் பெரியவளின் தடித்த அகராதியிலும் போனிலும் தேடினேன். 'ரீ' என்பது ரோமாபுரிக்காரர்கள் பேசிய லத்தீனிலிருந்து வந்தது. அங்கிருந்து பிரெஞ்சுக்குப் போனது. பிரெஞ்சு பேசினவர்கள் ஒரு காலத்தில் இங்கிலாந்தை ஆண்டார்களாம், அவர்களோடு கடல் தாண்டி இங்கிலீஷுக்குள் ஏறியது. லத்தீனுக்கு முன்னால் எங்கே இருந்தது, யாருக்குப் பிறந்தது என்று கேட்டால், உறுதியாகத் தெரியவில்லை என்று அகராதி கையை விரிக்கிறது.

அதன் பழைய பொருள் 'திரும்ப, பின்னால்' என்பது. ரிடர்ன் என்றால் திரும்பி வருவது. ரிஜெக்ட் என்றால் பின்னால் தூக்கி எறிவது. போன ஒன்று திரும்பி வந்தால் இரண்டாம் முறை நடந்த மாதிரிதானே, அதனால் 'மறுபடியும்' என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. சில இடத்தில் 'எதிர்த்து' என்றும் வரும், ரெசிஸ்ட் மாதிரி. வெகுகாலத்துக்கு முன்பு வந்த சொற்களில் 'ரீ' கெட்டியாக ஒட்டிப்போய்விட்டது. ரிசீவ் என்பதில் 'ரீ'யைப் பிய்த்தால் மிச்சத்துக்கு உயிரில்லை. பிற்பாடு வந்த சொற்களில் ஒரு சின்னக் கோடு போட்டுக்கொண்டு தள்ளி நிற்கும். எந்தச் சொல்லுக்கு முன்னாலும் வந்து நிற்கும், போகச் சொன்னால் போகும். நாமும் அதைச் சும்மா விடவில்லை. ரீசார்ஜ், ரீஃபில், தேர்தல் வந்தால் ரீகவுண்டிங். தமிழில் 'மறு' ஏறக்குறைய இந்த வேலையைச் செய்கிறது.

இதெல்லாம் அகராதி சொல்வது. நான் யார்டில் கண்டுபிடித்தது ஒன்று உண்டு, அதை எந்த அகராதியிலும் போடவில்லை. 'ரீ' வருகிற இடத்தில் பாதிக்கு மேல் சந்தேகம் இருக்கும். ரீசெக் என்று ஒருவர் சொன்னால், முதலில் செக் பண்ணினவனை அவர் நம்பவில்லை என்று பொருள். என் வயசுக்காரர்கள் யார்டில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். எனக்கு அது யார்டுக்குப் போகும் முன்னாலேயே தெரியும். எட்டாவது படிக்கும்போதே தெரியும்.

உங்கள் தாத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிட்டங்கியில் வேலை. கொழும்புக்குத் தோணியில் போகிற மிளகாய் வத்தலை மூடை மூடையாக அடுக்கி வைக்கிற இடம் அது. வாசலில் நுழையும் முன்பே தும்மல் வரும். உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் வராது. புதிதாக வந்தவன் யார், பழையவன் யார் என்று தும்மலை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

அப்பாவின் வேலை மூடைக்கு மார்க்கா அடிப்பது. தகரத் தகட்டில் இங்கிலீஷ் எழுத்துகளை வெட்டி வைத்திருப்பார்கள். தகட்டைச் சாக்கின் மேல் வைத்து, துணிச்சுருளைக் கறுப்பு மையில் முக்கி ஒற்றி எடுத்தால் எழுத்து விழும். அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. எழுத்துகளுக்கு அவரே பெயர் வைத்திருந்தார். இங்கிலீஷ் 'ஈ' சீப்பு. 'ஓ' பணியாரம். 'டபிள்யூ' சோடிக் கொக்கி. "ரெண்டு பணியாரத்துக்கு நடுவுல ஒரு சீப்பு வச்சாப் போதும்லா?" என்று கேட்டு, ஒரு தப்பும் இல்லாமல் அடித்து முடிப்பார்.

தகடுகளில் ஒன்று மற்றவற்றை விடச் சிறியது, உள்ளங்கை அளவு. அதில் 'ஆர்', 'ஈ', பிறகு ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். 'ரீ' மட்டும் தனியாக. மூடையை இரண்டாம் தடவை எடை போட்டால், தைத்ததைப் பிரித்து மறுபடி தைத்தால், அந்தந்தச் சொல்லுக்கு முன்னால் இதை வைத்து ஒற்றுவார்கள். அப்பா அதை மறுதகடு என்பார்.

மறுதகடு அப்பாவிடம் இருக்காது. தராசுக்காரரின் பெட்டியில் இருக்கும். எடை போட்டவர் கண்முன்னால்தான் அதை அடிக்கலாம் என்பது கிட்டங்கி வழக்கம். தராசுக்காரர் எங்கள் தெருக்காரர், அப்பாவின் கூட்டாளி, எனக்கு ஞானத்தகப்பன். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது என்னை மடியில் வைத்திருந்தவர் அவர். நான் அவரை மாமா என்பேன். கிறிஸ்மஸுக்கு எனக்குச் சட்டைத் துணி அவர் வீட்டிலிருந்துதான் வரும்.

மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தோணி ஓடாது. கிட்டங்கியில் மூடைகள் அப்படியே கிடக்கும். வத்தல் கடல் காற்றில் ஈரத்தைக் குடித்துக் கனத்துப் போகும். காற்று மாறி முதல் தோணி புறப்படும் முன்பு ஒவ்வொரு மூடையையும் மறு எடை போட்டு மறுதகடு அடிக்க வேண்டும். அடித்தால்தான் தோணியை நடத்துகிற தண்டல் மூடையை ஏற்றுவார். மறுதகடு விழாத மூடை, தண்ணீர் தெளித்துக் கனம் கூட்டின மூடையோ என்ற சந்தேகம். அந்தச் சந்தேகத்துக்கு ஒரே மருந்து அந்த இரண்டு எழுத்து.

அந்த வருசம் தோணி புறப்படுவதற்கு முந்தின வாரம், அப்பா எல்லாத் தகடுகளையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து மை எடுக்க வீட்டுக்குக் கொண்டு வந்தார். மாமாவும் தன் பெட்டித் தகடுகளைக் கொடுத்துவிட்டிருந்தார். வியாழக்கிழமை வைத்தவை வெள்ளிக்கிழமை காலையிலும் சுவர்மேல் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

முந்தின நாள்தான் எங்கள் இங்கிலீஷ் சார் இந்த 'ரீ' பாடத்தை நடத்தியிருந்தார். "ரீ-ங்கிறது ஒரு ஒட்டு. எப்பவும் இன்னொரு சொல்லப் புடிச்சிக்கிட்டுத்தான் நிக்கும். தனியா நிக்காது" என்றார்.

நான் எழுந்தேன். "எங்க வீட்ல தனியா நிக்கி சார்."

"எங்கலே நிக்கி?"

"செவுத்து மேல சார். காயுது."

வகுப்பு சிரித்து ஓய வெகுநேரம் ஆனது. சாரும் சிரித்தார். "அப்போ நாளைக்குக் கூட்டிட்டு வா. அந்த அதிசயத்த நாங்களும் பாக்கோம்."

அதனால்தான் எடுத்தேன். அதைத் தவிர வேறு எண்ணமில்லை. மறுதகட்டை மட்டும் எடுத்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். சாயங்காலம் திரும்பவும் சுவரிலேயே வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

சார் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இரண்டு எழுத்தும் கோடும் வெளிச்சமாக அவர் சட்டைமேல் விழுந்தன. பையன்கள் வாய் பிளந்தார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சாரின் முகம் மட்டும் மாறியது.

"இது ஹார்பர் சாமான்லா? எங்கன எடுத்த?"

"எங்க அப்பாவுது சார். மார்க்கா அடிக்காவ."

"அப்பாவுதா, கிட்டங்கியோடதா?"

"கிட்டங்கியோடது சார்."

"அப்போ உங்க அப்பாவ வந்து வாங்கிட்டுப் போகச் சொல்லு."

பிடுங்கின பம்பரம், கவண், காந்தம் எல்லாவற்றிலும் சார் கோடு போட்ட தாளைக் கிழித்துச் சிவப்பு மையில் பையன் பெயரையும் வகுப்பையும் எழுதி, பசை போட்டு ஒட்டி வைப்பார். மறுதகட்டின் பின்புறத்திலும் அப்படி ஒட்டி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

அதற்குள் இங்கே வேறொன்று நடந்துவிட்டது. அப்பா அன்று காலையிலேயே மாமாவின் தகடுகளைச் செய்தித்தாளில் சுற்றி, கயிறு கட்டி, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். எண்ணிப் பார்க்கவில்லை. மாமா அந்தக் கட்டை அப்படியே பெட்டியில் போட்டுப் பூட்டினார். அவரும் பிரித்துப் பார்க்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் பிறகு இரண்டு பேருக்கும் எதிராகத் திரும்பியது. திங்கட்கிழமை மறு எடைக்குக் கட்டைப் பிரித்தால் மறுதகடு இல்லை.

"நான் கட்டோட குடுத்தேன்" என்றார் அப்பா.

"நான் கட்டோட வாங்குனேன்" என்றார் மாமா.

பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார்கள். அப்பாவின் பையை உதறினார்கள். எங்கள் வீட்டுச் சுவரோரமும் தேடினார்கள், நானும் கூடச் சேர்ந்து தேடினேன். எந்த நேரத்திலும் சொல்லியிருக்கலாம். ஆனால் முதலாளி அண்ணாச்சி, "வீட்ல பிள்ளைகள் எதும் எடுத்து வெளையாண்டுச்சா?" என்று கேட்டபோது, அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "எம் மவன் தொட மாட்டான் அண்ணாச்சி. அவன் படிக்கிற பிள்ள" என்றுவிட்டார். அந்த வார்த்தை என் வாயில் துணியை வைத்து அடைத்த மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த நாளே பேச்சு கிளம்பியது. பக்கத்துக் கிட்டங்கியில் ஈர வத்தல் மூடைகளில் மறுதகடு விழுந்திருக்கிறதாம். பார்த்தவர் யார் என்று கேட்டால் இன்னொருவரைக் காட்டுவார்கள், அவர் வேறொருவரைக் காட்டுவார். கடைசியில் பார்த்தவர் யாருமில்லை. ஆனாலும் எல்லோரும் நம்பினார்கள். தகட்டை யாரோ விலைக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று முடிவாகிவிட்டது. அந்த யாரோ இரண்டு பேரில் ஒருவர்.

சந்தேகம் ஒரு வீட்டுக்குள் எப்படி வந்து குடியேறும் என்பதை அந்த வாரம் பார்த்தேன். அப்பாவும் மாமாவும் சேர்ந்து டீ குடிக்கும் கடையில், அப்பா இந்தப் பெஞ்சு, மாமா அந்தப் பெஞ்சு. மாமா கடைக்காரரிடம் டம்ளரை நீட்டும்போது அப்பா அவர் விரல்களைப் பார்ப்பார், கறுப்பு மை இருக்கிறதா என்று. மாமா அப்பாவின் விரல்களைப் பார்ப்பார். அப்பாவின் விரலில் மை எப்போதும் இருக்கும், அதுதான் அவர் தொழில். ஆனால் அந்த வாரம் அவர் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு நடந்தார்.

அம்மா மட்டும் நம்பவில்லை. "நம்ம பிள்ளைய மடியில வச்சி ஞானஸ்நானம் வாங்குன மனுசன். அவரப் போய்ச் சொல்லுதீயளே."

"அதாம்ளா எனக்கும் வெளங்கல" என்றார் அப்பா. "அவன் இல்லன்னா நான்தான்னு ஆவுது. நான் இல்லன்னு எனக்குத் தெரியும்லா."

அந்தக் கணக்கில் மூன்றாவது ஆள் ஒருவன் சோற்றைப் பிசைந்துகொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

வியாழக்கிழமை அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார். "நான் உங்க கோயிலுக்கு வாரவன் இல்ல. ஆனா உங்க கொடிமரத்த நம்புதேன். ஞாயித்துக்கிழமைப் பூசை முடிஞ்சதும் ரெண்டு பேரும் அதத் தொட்டுச் சத்தியம் பண்ணுங்க. பண்ணாதவரு அதோட கிட்டங்கிப் பக்கம் வர வேண்டாம்."

எங்கள் பக்கத்தில் கொடிமரச் சத்தியம் சின்ன விஷயமில்லை. பொய்யாகத் தொட்டால் நாக்கு கோணிப் போகும் என்று பையன்கள் எல்லோரும் நம்பினோம். பெரியவர்களும் நம்பினார்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் யாரும் அதை லேசில் செய்ய மாட்டார்கள். அன்று சாயங்காலம் அப்பா என்ன சொல்லப் போகிறார் என்பதை அம்மாவிடம் ஒத்திகை பார்த்தார். "தகடு என் கையாலயும் போவல, என் வீட்டு ஆள் கையாலயும் போவல."

என் வீட்டு ஆள். அப்பாவுக்குத் தெரியாமலே அது பொய்ச் சத்தியம். கோணின நாக்கோடு அப்பா சோறு உண்ண முடியாமல் உட்கார்ந்திருப்பதை நான் மனசுக்குள் பார்த்தேன். மாமா சத்தியம் பண்ணினால் அது மெய். அப்பா பண்ணினால் பொய். என்னால்.

வெள்ளிக்கிழமை பூராவும் சார் பின்னாலேயே அலைந்தேன். கடைசியில் சனிக்கிழமை அரை நாள் பள்ளி முடிந்தபோது அலமாரியைத் திறந்தார்.

"உங்க அப்பா ஏன் வரல?"

"வேல சார்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "களவா?"

"இல்ல சார்."

"இருந்தாலும் இல்லன்னுதான் சொல்லுவ. சரி, இது எங்க இருக்கணுமோ அங்கன கொண்டு வச்சிரு. யார்ட்டயும் மூச்சு விடாத. விட்டா உனக்குத்தான் கேவலம்."

சார் கெட்டவர் இல்லை. என் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத்தான் சொன்னார். பள்ளிக்கூடத்திலிருந்து கிட்டங்கி கூப்பிடு தூரம். ஒரு நடை வந்து அவர் கையால் கொடுத்திருந்தால் ஒரு அடியோடு முடிந்திருக்கும். அவர் என்னைச் சந்தேகப்பட்டார், ஆனால் என்ன நடக்கிறது என்று கேட்கவில்லை. சந்தேகப்படுகிறவர்களில் நிறையப் பேர் கேட்பதில்லை.

வருகிற வழியில் பின்புறத்து லேபிளைப் பிய்த்தேன். தாள் வந்தது, ஒரு துண்டு மட்டும் நகத்தளவுக்கு ஒட்டிக்கொண்டே இருந்தது. சுரண்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

வீட்டுக்குப் போய்த் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, அப்பாவுக்குச் சோறு கொண்டு போகிற மாதிரி கிட்டங்கிக்குப் போனேன். எல்லோரும் வாசல் நிழலில் இருந்தார்கள். உள்ளே யாருமில்லை. மாமாவின் பெட்டி தராசுக்கு அடியில் பூட்டியிருந்தது. அதன் மூடியில் எடைச்சீட்டு போடுவதற்கு ஒரு நீளமான துளை உண்டு. மறுதகடு அதில் சரியாக நுழைந்தது. சீட்டுகளின் மேல் விழுந்ததால் சத்தமே வரவில்லை.

எங்கே இருக்க வேண்டுமோ அங்கே வைத்தாயிற்று. தகடு கிடைத்துவிட்டது என்று சிரிப்பார்கள், சத்தியம் வேண்டாம் என்பார்கள், அப்பாவின் நாக்கு தப்பிக்கும். இவ்வளவுதான் என் மூளை ஓடியது.

சாப்பிட்டு முடித்ததும் அப்பாவே சொன்னார். "கோயிலுக்குப் போறதுக்கு முன்னால இன்னொரு மட்டம் பாத்துருவோம் அண்ணாச்சி. என் பையையும் பாருங்க, அவன் பெட்டியையும் பாருங்க."

"தாராளமா பாருங்க" என்று மாமாவே சாவியை எடுத்துத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார். சீட்டுகளுக்கு மேலே மறுதகடு கிடந்தது.

மாமா அதைக் கையில் எடுத்தார். திருப்பிப் பின்புறத்தைப் பார்த்தார். மூடியின் துளையைப் பார்த்தார். பிறகு, காலித் தூக்குச்சட்டிக்காக நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, தகட்டின் பின்புறத்தை இரண்டு மூன்று தடவை அழுத்தித் துடைத்தார். தூசியைத் துடைக்கிறார் என்று நினைத்தேன்.

"பெட்டிச் சாவி யார்ட்ட இருக்கு?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"என்ட்டதான் அண்ணாச்சி."

"வேற யார்ட்டயும் உண்டா?"

"இல்ல. என்ட்ட மட்டுந்தான்."

அண்ணாச்சி தலையை ஆட்டினார். "நாளைக்குக் கொடிமரம்னதும் பயம் வந்துட்டு. கொண்டு வந்து போட்டுட்டீரு. அப்படித்தானவே?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அதையேதான் நினைத்தார்கள். எங்கள் ஊரில் காணாமல் போன பொருள் சத்தியத்துக்கு முந்தின நாள் திரும்பி வந்தால், அது எவன் வீட்டில் கிடைக்கிறதோ அவன்தான் கள்ளன். சத்தியத்துக்குப் பயந்தவன் அவன்தானே. இது எனக்கும் தெரிந்த வழக்கம். தகடு எங்கே இருக்க வேண்டும் என்று யோசித்தேனே தவிர, அது எங்கே கிடைக்கும் என்று யோசிக்கவில்லை.

மாமா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மூடியில் ஒரு துளை இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போடலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தகட்டை அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா வாங்கிக்கொண்டு சொன்னதை நான் மறக்கவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். தாழ்ந்த குரலில் சொன்னார். "கேட்டிருந்தா நானே ஒண்ணு வெட்டித் தந்திருப்பனே மச்சான்."

மாமா சாவியைத் தராசுத் தட்டில் வைத்துவிட்டு வெளியே போனார். ஞாயிற்றுக்கிழமை கொடிமரத்தை யாரும் தொடவில்லை. முதல் தோணி போனது.

அண்ணாச்சி கொல்லனை வரவழைத்துப் புதிதாக ஒரு தகடு வெட்டினார். அதில் 'ரீ'யும் அதற்கு அடுத்த சொல்லும் ஒரே தகரத்தில் சேர்ந்திருந்தன, இனிமேல் யாரும் தனியாக எடுத்துப் போக முடியாதபடி. பழைய மறுதகட்டை அப்பா தோணிகள் கட்டுகிற பாலத்து ஓரத்தில் நின்று கடலில் வீசினார். அது பக்கவாட்டில் சரிந்து சரிந்து, ஒரு பளபளப்போடு உள்ளே போனது. நான் கூடவே நின்றேன்.

மாமா குடும்பத்தோடு அத்தையின் ஊரான புன்னைக்காயலுக்குப் போய்விட்டார். அங்கே வலைக்குப் போனார் என்றார்கள், பிறகு வலை பழுது பார்த்தார் என்றார்கள். தராசைத் தொடவே இல்லை. யார் தொட விடுவார்கள்? அந்தக் கிறிஸ்மஸுக்கும் ஒரு ஆள் மூலம் எனக்குச் சட்டைத் துணி வந்தது, ஊதாவில் வெள்ளைக் கோடு. அப்பா பொட்டலத்தைப் பிரிக்காமல் அதே ஆளிடம் திருப்பி அனுப்பினார். பிரிக்காதபோது நிறம் எனக்கு எப்படித் தெரியும் என்று பெரியவள் கேட்பாள். தாளில் ஒரு கிழிசல் இருந்தது.

அதற்குப் பிறகு அவரை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன், அப்பா இறந்தபோது. வாசலுக்கு வெளியிலேயே நின்றார். நான் போய்க் கையைப் பிடித்தேன். அவர் என் கையைத் திருப்பி, விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"மை ஒண்ணும் இல்லியே" என்று சிரித்தார். "நல்லா இருக்கீயாலே?"

"இருக்கேன் மாமா."

"படிச்சிருக்கலாம்லா இன்னும்" என்றார். அவ்வளவுதான். வயசான மனுசர், ஏதோ பழைய ஞாபகத்தில் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன். சில வருசத்தில் அவரும் போய்விட்டார். நான் புன்னைக்காயலுக்கு அடக்கத்துக்குப் போனேன், கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிட்டு வந்தேன்.

போன வாரம் சின்னவனே, உன் நோட்டில் லேபிள் கோணலாக ஒட்டிவிட்டது. பிய்த்துத் திரும்ப ஒட்டப் பார்த்தேன். நகத்தளவு ஒரு துண்டு அட்டையிலேயே நின்றுவிட்டது, அதில் சிவப்பு மையில் உன் வகுப்பு. கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் துடைத்தேன். துடைக்கும்போதே கை நின்றது. தூசியை யாரும் அப்படி அழுத்தித் துடைப்பதில்லை. மாமா அந்தத் துண்டைப் பார்த்திருக்கிறார். கோடு போட்ட தாள், சிவப்பு மை, மூடியில் துளை, எதிரே நான். அவருக்கு அந்த நிமிசமே எல்லாம் தெரிந்திருக்கிறது.

ஒருவேளை அப்படி இல்லாமலும் இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள இப்போது ஆள் இல்லை. ஆனால் ஞானத்தகப்பனின் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். குழந்தைக்குப் பேச வராது. சாத்தானை விட்டுவிடுகிறாயா என்று சாமியார் குழந்தையைப் பார்த்துக் கேட்பார், விட்டுவிடுகிறேன் என்று மடியில் வைத்திருப்பவர் பதில் சொல்லுவார். இங்கிலீஷில் அதற்கு ரினவுன்ஸ் என்று பெயர், அதிலும் ஒரு 'ரீ' இருக்கிறது, எழுதிக்கொள். மாமா எனக்காக ஒரு தடவை பதில் சொன்னார். கிட்டங்கியில் சாவி யாரிடம் என்று அண்ணாச்சி கேட்டபோது இரண்டாம் தடவை சொன்னார்.

இன்னொன்றையும் எழுதாமல் விட்டால் இந்தத் தாள் பொய். அன்று மத்தியானம் கிட்டங்கிக்குள் மாமாவின் பெட்டி மட்டும் இல்லை. எட்டும் தூரத்தில் ஆணியில் அப்பாவின் பை தொங்கியது, திறந்தே இருந்தது. தகட்டின் இடம் பெட்டிதான், அதனால்தான் அதில் போட்டேன் என்று இத்தனை வருசம் எனக்கே சொல்லிவந்திருக்கிறேன். அப்பாவின் பையை நான் பார்த்தேனா, பார்த்துவிட்டு ஒதுக்கினேனா? நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். யாரையெல்லாமோ சந்தேகப்பட்ட அந்த வாரத்தில் யாருமே சந்தேகப்படாத ஒருவன் இருந்தான். தூக்குச்சட்டியோடு நிற்கும் அந்தப் பதின்மூன்று வயசுக்காரனை எனக்கு இன்றும் முழுசாக நம்ப முடியவில்லை.

மாமாவின் மகள் இன்னும் புன்னைக்காயலில்தான் இருக்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளிடம் போய் இதைச் சொல்லப் போகிறேன். வருகிறதானால் நீங்களும் வாருங்கள். அதற்குமுன் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது, அதற்கு உங்களைக் கூப்பிடவில்லை.

நேற்று மத்தியானம் ஷிப்டு முடிந்து வரும் வழியில் கோயிலுக்குள் வண்டியை விட்டேன். வளாகத்தில் ஒரு ஆள் இல்லை. கொடி இல்லாத கொடிமரம் வெயிலில் நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு, வலது கையை விரித்து அதன்மேல் வைத்தேன். கை சுட்டது. "தகடு என் கையில இருந்துச்சு. பெட்டிக்குள்ள போட்டதும் நான்தான். மாமா தொடல" என்று சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளியே ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நான் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. லாரி தூரமாகப் போகும் வரை கையை எடுக்காமல் நின்றேன். பிறகு மறுபடியும் சொன்னேன்.